கை எனக்கு, கால் அவனுக்கு

ஜனவரி 9, வெள்ளி

லூர்துமணிக்கு இன்று காலையில் தொண்டையில் ஆபரேஷன் முடிந்தது. குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். இனிமேல் பேச்சு வராது என்பதையும் அதே வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். இருபத்தெட்டு வருஷம் ஒரே வங்கி அணியில் ஆடியவர்கள் நாங்கள். அவன் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

இந்த டைரியை எழுத ஆரம்பித்ததும் இனி அவனோடு பேச முடியாது என்பதால்தான். ரிட்டையர் ஆன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழில்முறை வாலிபால் அணிக்குக் கல்லூரிப் பையன்களைப் பார்த்துச் சொல்கிறோம். இந்த வருஷம் அணிக்கு ஒரு செட்டர் வேண்டும். அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். மூன்று பையன்கள் தேறியிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரை எழுதிக் கொடுத்தால் அதில் ஒருவனை மார்ச் மாத ஏலத்தில் அணி எடுத்துக்கொள்ளும். கடைசி வருஷம் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி. இதைத் தவறவிட்டால் அப்புறம் கிடையாது.

மூன்றில் ஒருவன் ஜோவின். லூர்துமணியின் மகன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை.

நேற்று சாயங்காலம் லூர்து கடைசியாகப் பேசியது என்னிடம்தான். "ஜோவின் விஷயத்துல எங்கிட்ட ஒண்ணும் கேக்காத வே. எம்பிள்ளைய நான் எட போடக்கூடாது. நீ பாக்கதுதான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டாள்.

வரும்போது பாத்ரூம் குழாய்க்கு வாஷர் வாங்கி வரச் சொன்னாள் என் மனைவி செல்வமணி. மறந்துவிட்டேன். குழாய் ஒழுகுகிறது.

ஜனவரி 18, ஞாயிறு. கோயம்புத்தூர்

மூன்று பேரில் முதலில் தருணைப் பார்த்தேன். அடேயப்பா, கை என்றால் அது கை. பந்து அவன் விரல்களில் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறது, சத்தமே இல்லை. உயரமாக, மெதுவாக, சுழலாமல் போய் நிற்கிறது. நான் செட்டராக இருந்தவன். என் நல்ல காலத்தில்கூட இப்படிக் கொடுத்ததில்லை. ஆனால் தோற்றுப்போனார்கள். எதிரே விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று. அடியைத் தடுக்க நிற்கிற அவர்களுடைய பிளாக்கர்கள் இரண்டு பேர், பந்து எங்கே போனாலும் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு சுவர் மாதிரி நிற்கிறார்கள். தருண் என்ன செய்வான் பாவம். அடிக்கிறவன்கள் சரியில்லை. பத்துக்கு ஒன்பது போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் தனியாக டீ குடித்தேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் டீ கையில் வரும்வரை அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டோம். டீ வந்ததும் நான் கையைப் பற்றிச் சொல்வேன், அவன் காலைப் பற்றிச் சொல்வான். ஆட்டத்தின்போது நான் செட்டரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நடு பிளாக்கராக ஆடியவன் லூர்து. அவன் செட்டர் பக்கமே திரும்ப மாட்டான். நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிளாக்கர்களின் காலையே பார்ப்பான். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு பையனுக்கு மதிப்பெண். கை எனக்கு, கால் அவனுக்கு.

இன்றைக்கு என் பாதியைச் சொல்ல ஆளில்லை. கேட்க மறுபாதியும் இல்லை. டீயும் ஆறிப்போய்விட்டது.

ஜனவரி 21, புதன். திருநெல்வேலி

ஜோவின் ஆட்டம். அவன் கல்லூரி மைதானம், வெயில் மண்டையைப் பிளந்தது.

உள்ளதை எழுதுகிறேன். கையில் அழகில்லை. முழங்கை அகலுகிறது. பந்து தாழ்வாகவும் வேகமாகவும் போகிறது. விரலை விட்டுப் போகும்போது 'டப்'பென்று ஒரு சின்னச் சத்தம். தருணைப் பார்த்த கண்ணுக்கு இது கண்றாவி. ஆனால் மூன்று செட்டிலும் ஜெயித்தார்கள். எதிரே ஆடியது அதே விருதுநகர்க்காரர்கள்தான். கோயம்புத்தூரில் சுவர் மாதிரி நின்ற பையன்கள் இன்றைக்கு மூலைக்கு ஒருத்தனாக அலைந்தார்கள். ஜோவின் ஆட்கள் பிளாக்கே இல்லாத நெட்டில் ஆனந்தமாக அடித்தார்கள். விருதுநகர்க்காரர்களுக்குப் பொங்கல் சாப்பாடு இன்னும் செரிக்கவில்லைபோல. இப்படிப்பட்ட பிளாக்குக்கு எதிராக யார் கொடுத்தாலும் பாயிண்ட்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஜோவின் ஓடி வந்தான். தன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா கஞ்சி குடிச்சாரா மாமா?" என்றான். குழாய் வழியாகத்தான் போகிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பந்துகளைப் பொறுக்கப் போய்விட்டான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

ஆறு.

ஜனவரி 23, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். லூர்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துளை, அதன்மேல் துணி. பேசுவதற்கு ஒரு சிலேட்டு கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் 'வா பழம்' என்று எழுதிக் காட்டினான். தங்கப்பழம் என்ற என் பெயரைப் பழம் என்று சுருக்கி ஊர் பூராவும் பரப்பிய புண்ணியவான் அவன்தான்.

போனில் எடுத்து வைத்திருந்த தருண் ஆட்டத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிலேட்டில் எதையோ எழுதப் போனான். நான் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் வைத்துவிட்டான். பிறகு ஜோவின் ஆட்டம் வேண்டும் என்று கையைக் காட்டினான். கேட்காதே என்று சொன்னவன் பார்க்க மட்டும் கேட்கிறான். பெற்ற மனசு, என்ன செய்ய. கொடுத்தேன். இடது உள்ளங்கையைத் திரையின் பாதியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதுபோல. எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தேன். அப்போதும் கையை எடுக்கவில்லை. மருந்து வேகம், கண் கூசும் என்றாள் பிரகாசி. அவன் மனைவி. பாவம், நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கிப்போயிருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி. சென்னை

மூன்றாமவன் அஃப்சல். குள்ளம், ஆனால் சுறுசுறுப்பு. கை சுத்தம். ஏழரை.

பிப்ரவரி 3

வாஷர் வாங்கினேன். அளவு தப்பு. இதற்கெல்லாம் லூர்து ஸ்பேனரோடு வந்து நிற்பான்.

பிப்ரவரி 8, ஞாயிறு. மதுரை

மாநில அளவு இறுதி ஆட்டம். சென்னைக் கல்லூரி ஒன்றை ஜோவின் அணி ஜெயித்துவிட்டது. ஜெயித்தது ஜெயித்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சென்னைக்காரர்களின் பிளாக்கும் மகா மட்டம். நடுவில் நிற்கிற நெட்டைப் பையன், இந்தியா கேம்புக்குப் போய் வந்தவனாம், பந்து இடதுபக்கம் போனால் வலதுபக்கம் குதிக்கிறான். இந்த வருஷம் தமிழ்நாட்டில் பிளாக்கர் என்று உருப்படியாக ஒருவனும் இல்லை. லூர்து நின்றான் என்றால் எந்தச் செட்டரும் அவனை ஏமாற்ற முடியாது. பயிற்சி ஆட்டங்களில் எதிர்ப்பக்கம் நின்று நானே எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது பழைய நடுவர் ஒருவர், பெயர் வேண்டாம், தோளில் கை போட்டுக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, லூர்து மவன்தான செட்டரு? அப்ப பட்டியல்ல எடம் உறுதிதான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டீக்கடை வரைக்கும் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்தரை. முழங்கை அகலுவதற்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

பிப்ரவரி 9

செல்வமணியிடம் சொல்லியிருக்கவே கூடாது. மீன் கழுவிக்கொண்டே கேட்டாள், போன தடவையும் முழங்கை அகலத்தானே செய்தது, அப்போது ஏன் குறைக்கவில்லை என்று. இரண்டாம் தடவை பார்க்கும்போது நன்றாகத் தெரிந்தது என்றேன்.  "நீங்க நேர்மையான ஆளுன்னு ஊருக்கே தெரியும். அத காட்டுததுக்கு லூர்தண்ணன் பிள்ளதான் கெடச்சுதா?" என்றாள்.

வாலிபாலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும். மீனில் உப்பு இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

லூர்து மெலிந்துவிட்டான். நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது என்று பிரகாசி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். "அவியளுக்குத் தெரியும்ணே. ஏலத்தத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காவ" என்றாள்.  

மதுரை ஆட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். இந்தத் தடவை மறைக்கவில்லை, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பார்க்கப் பார்க்கப் போர்வைக்குள் அவன் கால் இழுக்க ஆரம்பித்தது. வெடுக்கென்று இந்தப் பக்கம், வெடுக்கென்று அந்தப் பக்கம். தோளும் குலுங்கியது. மூச்சுத் திணறுகிறது என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து காலைப் பிடித்துப் பார்த்தாள், நாடி பார்த்தாள், ஒன்றுமில்லை என்றாள். லூர்து கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்து 'போ' என்கிற மாதிரி கையை வீசினான். நான் காலை அமுக்கிவிட்டேன். எலும்புதான் இருக்கிறது. நெட்டுக்குமேல் இடுப்புத் தெரியக் குதித்த கால்.

பிப்ரவரி 16, திங்கள்

அறிக்கை முடிந்தது. தருண், அஃப்சல். நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்பதால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன்.

போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. லூர்து இரண்டு பெயரையும் படித்தான். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். 

பிறகு சிலேட்டை எடுத்து, 'டீ குடிச்சியா' என்று எழுதிக் காட்டினான்.

குடித்துவிட்டேன் என்றேன். குடிக்கவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. கூரியர் அலுவலகத்தை மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகு மனம் லேசாக இருந்தது. ஒருத்தனும் இனிமேல் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

லூர்துமணி விடியற்காலையில் போய்விட்டான்.

பிப்ரவரி 27, வெள்ளி. தூத்துக்குடி

மூன்று நாளாக எழுதவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோதுகூட அழவில்லை நான். வங்கி அணியின் பழைய ஜெர்சியைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அப்போது மட்டும் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு லூர்து வீட்டுக்குப் போனேன். ஜோவின் நாற்காலி போட்டு எதிரே நின்றான். உக்காருல மக்கா என்றேன், உட்காரவில்லை. பட்டியல் விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே, "எங் கையில என்ன கொற மாமா? சொன்னா சரி பண்ணிக்கிடுவேன்" என்றான்.

சொன்னேன். வாத்தியார் மாதிரி எழுந்து நின்றே சொல்லிக்கொடுத்தேன். முழங்கையை உள்ளே வை, பந்தை ஒரு கணம் விரலில் நிறுத்து, உயரமாக விடு, அடிக்கிறவனுக்கு நேரம் கொடு. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். வெறும் கையை உயர்த்திச் செய்தும் காட்டினான். சரியாகச் செய்தான். அவனுக்கு ஏதோ ஒரு உபகாரம் செய்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சொல்லியிருக்கிறார்களாம். பரீட்சை முடிந்ததும் போவான்.

மார்ச் 8, ஞாயிறு. சென்னை

ஏலம். தருணை எடுத்துவிட்டார்கள். அணியின் மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நண்பர் மகன் என்றும் பாராமல் நடந்துகொண்டீர்கள், உங்களை மாதிரி ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். லூர்து இருந்திருந்தால் காதோரமாக ஏதாவது நக்கல் அடித்திருப்பான்.

மார்ச் 20, வெள்ளி

அணியின் கோச் போன் செய்தார். பயிற்சி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. குரலில் சுரத்தே இல்லை. "கை ரொம்ப அழகுதாங்க. ஆனா பந்த எங்க கொடுக்கப்போறான்னு அவன் கொடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுது. எதுத்தாப்ல நிக்கறவனுக்குத் தெரியாதா? அடிக்கற பந்தெல்லாம் பிளாக் ஆகுது. எதிராளிங்க கால் எங்க போகுதுன்னு பார்த்தீங்களா சார் நீங்க?" என்றார்.

பார்த்தோம் என்றேன். போனை வைத்துவிட்டேன். பார்த்தோமா?

கோச்சுக்குப் பதில் சொல்வதற்காக மத்தியானம் பழைய ஆட்டங்களைப் போனில் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது. ஒரு கையால் மறைத்தேன். மறைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

லூர்துக்குக் கண் கூசவில்லை. நான் திரைச்சீலையை இழுத்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. மகன் நிற்கிற பாதியை மறைத்துக்கொண்டு எதிராளிகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பங்கு வேலையை அவன் செய்துகொண்டிருந்தான்.

நானும் அப்படியே வைத்துப் பார்த்தேன். திருநெல்வேலி ஆட்டம். ஜோவினைப் பார்க்காமல் விருதுநகர்ப் பையன்களின் காலை மட்டும். பந்து வருவதற்கு முன்னாலேயே கால் கிளம்புகிறது, தப்பான பக்கம். அடுத்த பந்து, அதுவும் தப்பான பக்கம். மதுரை ஆட்டத்தைப் போட்டேன். இந்தியா கேம்புக்குப் போன நெட்டைப் பையன் ஆட்டம் பூராவும் இல்லாத பந்துக்குக் குதிக்கிறான். அவர்கள் யாரும் மட்டமான பிளாக்கர்கள் இல்லை. இவன் எங்கே கொடுக்கப்போகிறான் என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாழ்வான பந்து, அந்த அகன்ற முழங்கை, அந்தச் சத்தம், எல்லாம் அதற்குத்தான். கடைசியாகத் தருண் ஆட்டத்தையும் போட்டேன். அதே விருதுநகர்ப் பையன்கள் சாவகாசமாக நடந்துபோய்க் கையைத் தூக்குகிறார்கள்.

லூர்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டான். டீ குடிச்சியா என்று கேட்டான். டீ வந்தால்தானே நாங்கள் ஆட்டத்தைப் பேசுவோம். ஆம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

செல்வமணி வந்து விளக்கைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதேன். இவ்வளவு வயதான ஆள் இப்படி அழக்கூடாது.

மார்ச் 26, வியாழன். தூத்துக்குடி

முப்பதாம் நாள் பூசை. முடிந்து சாப்பாடு போட்டார்கள். ஜோவினைக் காணவில்லை. கோயிலுக்குப் பின்னால் கிரவுண்டில் இருப்பான் என்றாள் பிரகாசி. மேனேஜருக்கு நேற்றே போன் செய்து என் தப்பைச் சொல்லிவிட்டேன். பட்டியல் மூடியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதையும் அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நடந்தேன்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பையன்கள், ஹார்பரில் வேலை செய்கிறவர்கள், ஒரு பாதிரியார். என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் செட்டரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களின் காலைப் பார்த்தேன். தொப்பை விழுந்த இரண்டு பேர் பிளாக்குக்கு நின்றார்கள். அவசரமே இல்லாமல் சரியான பக்கம் நகர்ந்தார்கள். கையைத் தூக்கினார்கள். பந்து அவர்கள் கையில் பட்டுத் திரும்பி விழுந்தது. மறுபடியும் அதே. மறுபடியும்.

பிறகுதான் ஜோவினைப் பார்த்தேன். முழங்கை உள்ளே இருந்தது. பந்து விரலில் உட்கார்ந்து, உயரமாக, மெதுவாக, சத்தமில்லாமல் போயிற்று. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று குறையாமல் இருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இப்ப சரியா மாமா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

வா என்று கையைக் காட்டினேன். கிரவுண்டுக்கு எதிர்த்தாற்போல் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் ஏதோ கேட்க வந்தான், டீ வரட்டும் என்றேன். சிரித்தான். அப்பாவும் இப்படித்தான் சொல்வார் என்றான்.

டீ வந்தது.

"நான் சொன்னதெல்லாம் தப்பு மக்கா. ஒன் கைய பழைய மாதிரியே வச்சுக்க. கொற எங் கண்ணுலதான் இருந்துச்சு. அதுக்கு இப்ப பரிகாரம் ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏலத்தைப் பற்றிக் கேட்பான், திட்டுவான் என்று காத்திருந்தேன். கேட்டது வேறு. "அப்பா எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல மாமா. நல்லா ஆடுதேன்னும் இல்ல, ஆடலேன்னும் இல்ல. அவியளுக்கு எம் ஆட்டம் புடிச்சுதா?"

அப்போதுதான் எனக்கே அது புரிந்தது. போர்வைக்குள் இழுத்த கால். குலுங்கிய தோள். கண்ணில் தண்ணீர். நான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேனே, அது திணறல் இல்லை. சத்தம் வராத ஆள் வேறு எப்படிச் சிரிப்பான்?

"மதுர ஆட்டத்த பாத்துக்கிட்டே ஒங்கப்பன் கட்டில்ல படுத்தபடி பிளாக்குக்குக் குதிச்சான்ல. கால் அங்கயும் இங்கயும் போச்சு. ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம். லூர்துமணிய எந்தச் செட்டரும் ஏமாத்துனதில்ல. நீ ஏமாத்திட்ட. அவன் சிரிச்சான்."

ஜோவின் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கிரவுண்டில் இருந்து செட்டர் எங்கே என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.